கதவைத் திறந்தாலும் வெளியே வராத கிளி

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு பறவைக் கடையில் சாம்பல் நிறக் காக்டெயில் கிளி ஒன்றை வாங்கி வந்தோம். கம்பிகளுக்கு இடையே நீட்டினால் தினையைக் கையிலிருந்தே கொத்தித் தின்கிறது; காலையில் என் கணவர் வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டால் விசிலும் அடிக்கிறது. ஆனால் கூண்டின் கதவைத் திறந்தால் பின்மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. சென்ற மாதம் என் மகன் துண்டைப் போட்டுப் பிடித்து வெளியே எடுத்தான். அது அவனைக் கடித்துவிட்டுப் பறந்து, சுவரில் மோதி, கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அன்றிலிருந்து கையைக் கண்டாலே சீறுகிறது. ஒரு நாள் பட்டினி போட்டால் தானாக வரும் என்கிறார் என் நாத்தனார். அப்படிச் செய்யலாமா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: பட்டினி போடவே கூடாது. உங்கள் கிளியின் எடை ஏறக்குறைய 80 முதல் 100 கிராம்தான் இருக்கும். அந்தச் சிற்றுடல் ஒரு நாள் உணவில்லாமல் தாங்காது. நாத்தனார் சொன்னதில் பயன்படுத்திக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் பறவைக்கு இயல்பாகவே பசி இருக்கும். தீனிக் கிண்ணத்தை வைப்பதற்கு முன் உள்ள அந்தப் பத்து நிமிடத்தைப் பழக்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்; பழகினாலும் பழகாவிட்டாலும் பிறகு வழக்கமான தீனியைக் கொடுத்துவிடுங்கள்.

கூண்டை நாம் சிறை என்று நினைக்கிறோம். கிளிக்கு அது வீடு. நான்கு மாதங்களாக உண்டதும் உறங்கியதும் அதற்குள்தான். வெளியே வந்த ஒரே முறை துண்டும் சுவரும் கட்டிலடி இருட்டுமாக முடிந்திருக்கிறது. மேலிருந்து இறங்கும் எதையும் வல்லூறாக எண்ணி அஞ்சுவது இந்தப் பறவைகளின் பிறவிக்குணம் என்பதால், கதவு வழியே நுழையும் கையும் அதற்கு அப்படித்தான் தெரிகிறது. ஆகவே, இனி கூண்டுக்குள் கையை விட்டு அதைப் பிடிப்பதை வீட்டில் எல்லோரும் அடியோடு நிறுத்த வேண்டும்.

காக்டெயிலின் மனநிலையைக் கொண்டையே சொல்லிவிடும். கொண்டை தலையோடு படிந்து, வாயைத் திறந்து சீறினால் அச்சம். நெட்டுக்குத்தாக நின்றால் திடுக்கிட்டிருக்கிறது அல்லது எதையோ கவனிக்கிறது. சற்றே பின்னால் சாய்ந்திருந்தால் அமைதியாக இருக்கிறது. கொண்டை சாயும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

முதல் வாரம் கதவைத் திறந்து வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்திருப்பது மட்டுமே வேலை. அதை உங்கள் மகனே செய்யட்டும். பாடப்புத்தகத்தோடு கூண்டுக்குப் பக்கவாட்டில், கிளியை உற்றுப் பார்க்காமல் உட்கார்ந்து, போகும்போது ஒரு சூரியகாந்தி விதையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போனால், துண்டின் நினைவு மெல்ல மங்கும்.

அடுத்து, தினைக்கதிர். குறிஞ்சிப் பாட்டுகளில் தினைப்புனம் காக்கும் பெண்கள் பரண்மேல் நின்று கிளிகளை ஓட்டியதைப் படித்தவர்களுக்கு, அதே தினையைக் காட்டி ஒரு கிளியை அழைக்க வேண்டியிருப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். உதிரித் தினையைவிடக் கதிராக இருந்தால், கிளி அதே இடத்தில் நின்று வெகுநேரம் கொத்திக்கொண்டிருக்கும். ஆனால் கிண்ணத்திலும் தினை, கம்பி இடுக்கிலும் தினை என்றால் கதவருகே வர அதற்கு என்ன தேவை? ஆகவே மற்ற வேளைகளில் தினையை நிறுத்திவிட்டு, கதிரை முதலில் கதவுக்கு உட்புறம் கட்டுங்கள். அங்கே தயங்காமல் தின்னத் தொடங்கிய பிறகு கதவின் விளிம்புக்கும், சில நாள் கழித்து வெளியேயும் மாற்றுங்கள். வெளியே நின்று தின்ன, நன்கு கழுவிய கொய்யாக் கிளை ஒன்றைக் கதவையொட்டிக் கட்டினால் போதும். கிளையில் கால் வைத்தாலும் கூண்டின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தாலும் வெளியே வந்ததாகவே கொள்ளுங்கள். கையில் ஏறுவது வேறு பாடம்.

இதோடு ஒரு மெல்லிய குச்சியையும் பழக்கலாம். குச்சியின் நுனியை அலகால் தொட்டவுடன் ஒரே சொல்லைச் சொல்லி ஒரு விதை கொடுத்துவந்தால், சில நாளில் குச்சி போகும் இடத்துக்குக் கிளியும் போகும். நாளுக்கு இருமுறை, ஐந்து ஐந்து நிமிடம் போதும்.

பலர் தவறுவது கிளி திரும்பும் நேரத்தில்தான். அது உள்ளே நுழைந்த மறுகணமே கதவைச் சாத்தினால், அடுத்த நாள் வெளியே வர யோசிக்கும். இரண்டு மூன்று முறை போகவும் வரவும் விட்டு, பொழுது சாய்வதற்கு முன் தீனியை உள்ளே வைத்தால் அதுவாகவே வந்துவிடும். துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

கதவைத் திறக்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். சுழலும் விசிறியில் அடிபட்டுச் சாகும் வளர்ப்புப் பறவைகள் உண்டு. சன்னல்களைச் சாத்தி, கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி ஆகியவை பறவையின் மூச்சுக்கு ஆகா. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் ஆவி நிமிடங்களில் கொன்றுவிடக்கூடும். உங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கூண்டு திண்ணையில் இருந்தால், கூடத்தில் இரண்டு பக்கமும் சுவர் உள்ள மூலைக்கு, உங்கள் மார்பளவு உயரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கடையில் சிறகு வெட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வெட்டியிருந்தால் தாவும்போதெல்லாம் விழும், விழுந்து விழுந்து துணிவை இழக்கும். இறகு உதிர்ந்து புதிது முளைக்கச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கூண்டைத் தாழ்வாக வைத்து, கீழே மெத்தை விரித்துப் பழக்குங்கள். எந்நேரமும் இறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ, இது பழக்கச் சிக்கல் இல்லை, நோய். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். திருச்சூர் அருகே மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சில கிளிகள் இரண்டே வாரத்தில் வந்துவிடும். உங்களுடையதற்கு மூன்று மாதம் ஆனாலும் வியப்பில்லை.

கேள்வி: பனைமரத்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்து வளர்த்தோம். இப்போது கூண்டைத் திறந்துவிட்டாலும் போக மறுக்கிறது. எப்படிப் பறக்கவிடுவது?
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: நீங்களாகப் பறக்கவிட வேண்டாம். கையில் வளர்ந்த குஞ்சுக்கு இரை தேடவும் தெரியாது, பருந்துக்கு ஒளியவும் தெரியாது. மேலும், நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விலைக்கு வாங்கவில்லை, கீழே கிடந்து எடுத்தோம் என்பதால் அது மாறாது. முந்தைய கேள்வியில் உள்ள காக்டெயில் ஆஸ்திரேலியப் பறவை, அதற்கு இந்தத் தடை இல்லை. அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். கொண்டுபோகும்போது காற்றோட்டமுள்ள சிறு கூண்டில் வைத்து, மேலே மெல்லிய துணியைப் போர்த்துங்கள். வழியில் மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளாது.