சாமந்திப்பூ முதல் வெள்ளைப்பூசணி வரை: கஃபீன் இல்லாத சீனத் தேநீர்கள், கேள்வியும் பதிலும்

குவாங்சோ நகரில் மூலிகை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. மூட்டை மூட்டையாக வரும் காய்ந்த பூ, பழம், வேர் எல்லாவற்றையும் பிரித்து, முகர்ந்து, நனைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவோம். நான் மருத்துவர் இல்லை, வைத்தியரும் இல்லை. இங்கே வீடுகளில் தினமும் என்ன குடிக்கிறார்கள், எதை எப்போதாவதுதான் தொடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கோமதி, திருச்சி: அக்கா, சைனா டீன்னா கிரீன் டீதானே? அதுல கஃபீன் கிடையாதுன்னு கடையில சொல்றாங்களே?

கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். கிரீன் டீ, ஒயிட் டீ, ஊலாங், பூஅர், நம் நீலகிரித் தேயிலை எல்லாம் ஒரே செடியின் இலைதான். பதப்படுத்தும் முறைதான் வேறு. அதனால் எல்லாவற்றிலும் கஃபீன் உண்டு. மல்லிகைத் தேநீரிலும் உண்டு, ஏனென்றால் அது கிரீன் டீ இலையில் மல்லிகை வாசம் ஏற்றியது. தேயிலை சேர்க்காமல், இங்கே நான் சொல்லும் பூவையோ பழத்தையோ விதையையோ தானியத்தையோ மட்டும் போட்டு ஊறவைப்பதில்தான் கஃபீன் இருக்காது.

இரண்டு இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஹாங்காங் பக்கம் டிம்சம் என்கிற சிற்றுண்டிக் கடைகளில் சாமந்தித் தேநீர் என்று நினைத்து நாம் வாங்குவது பல நேரம் சாமந்தியும் பூஅரும் கலந்ததாக இருக்கும். இன்னொன்று நிங்ஷியா பக்கத்து ஹுய் முஸ்லிம்கள் மூடி போட்ட கிண்ணத்தில் கொடுக்கும் எட்டுப்பொருள் தேநீர். மேலே சிவப்புப் பேரீச்சை, கோஜி என்கிற சின்னச் சிவப்புப் பழம், லிச்சி மாதிரியான லோங்கான், கற்கண்டு என்று கண்ணைப் பறிக்கும். அடியில் பெரும்பாலும் தேயிலை கிடக்கும்.

பெயர் வேண்டாம், சென்னை: டீயை நிறுத்துனா மண்டை வெடிக்குது. மூலிகை டீ குடிச்சா சரியாகுமா?

ஆகாது. அது கஃபீனை நிறுத்தியதால் வரும் தலைவலி. ஒரு நாளில் ஆரம்பித்துப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளுக்குள் ஓய்ந்துவிடும். ஒரேயடியாக விடாமல், நாலு கப் குடிப்பவர் மூன்று, பிறகு இரண்டு என்று இறங்கி வாருங்கள். கையில் சூடாக ஒரு டம்ளர் இல்லாமல் இருக்க முடியாதே, அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தப் பூவும் பார்லியும்.

முருகேசன், விருதுநகர்: சீனாவிலயும் உடம்புச் சூட்டுக்கு ஏதோ கசாயம் விக்கிறாங்களாமே, அத தினம் குடிக்கலாமா தங்கச்சி?

அண்ணே, நீங்கள் கேட்பது லியாங்சா. நான் இருக்கும் குவாங்தோங் மாகாணத்தின் அடையாளமே அதுதான். கோடை முழுக்க இங்கே மழையும் புழுக்கமும். ராத்திரி கண் விழித்தால், எண்ணெயில் பொரித்ததைத் தின்றால் வாய்ப்புண், தொண்டைக் கரகரப்பு, முகப்பரு வரும். உடனே "நெருப்பு ஏறிவிட்டது" என்பார்கள். விருதுநகர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தெருமுனைக் கடைகளில் சுரைக்குடுக்கை வடிவில் பெரிய செம்புப் பானைகள் பளபளவென்று நிற்கும். கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார்கள், நின்றபடி மடமடவென்று குடித்துவிட்டுப் போவார்கள். வாங் ஸபாங் என்பவர் 1828இல் இதே குவாங்சோவில் தொடங்கிய கடைதான் இன்று உலகமெல்லாம் டின்னில் விற்கும் வாங்லாவ்ஜி. 1950களின் ஹாங்காங்கில் வானொலி, பாட்டுப் பெட்டி, பிறகு தொலைக்காட்சி எல்லாம் லியாங்சா கடைகளில் இருந்தன. வீட்டில் டிவி வாங்க வசதியில்லாத இளவட்டங்கள் ஒரு கிண்ணக் கசப்புக்குக் காசு கொடுத்துவிட்டு மாலை முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பார்களாம். 2006இல் சீன அரசின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் லியாங்சா இடம்பெற்றது.

தினம் குடிக்கலாமா என்றால், எந்த லியாங்சா என்று பார்க்க வேண்டும். ஐந்து பூத் தேநீர் போன்றவை மென்மையானவை. கோடையில் வாரத்துக்கு ஓரிரு முறை வீட்டில் குழந்தைகளோடு சேர்ந்தே குடிப்பார்கள். "இருபத்துநாலு சுவை" என்று ஒன்று இருக்கிறது. நிலவேம்புக் கசாயம் குடித்தவர்களுக்கு அதன் கசப்பு பழகியதுதான். இருபத்துநாலு சரக்கும் என்னென்ன என்பது கடைக்குக் கடை மாறும். அதைத் தொண்டை கட்டிய நாளில் ஒரு கிண்ணம் குடிப்பார்களே தவிர தினமும் யாரும் குடிப்பதில்லை. வயிறு பலவீனமானவர்களும் மாதவிலக்கு நாட்களில் பெண்களும் தொடக்கூடாது என்று இங்குள்ள பாட்டிமார்களே தடுத்துவிடுவார்கள்.

டின் லியாங்சா வேறு கதை. அதன் பொருள் பட்டியலைப் படியுங்கள். முதலில் தண்ணீர், அடுத்ததே சர்க்கரை, பிறகுதான் மூலிகை. அது குளிர்பானம். அந்தச் சிவப்பு டின் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு கம்பெனிகள் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் மல்லுக்கட்டி, கடைசியில் 2017இல் இருவரும் வைத்துக்கொள்ளலாம் என்று சீன உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவ்வளவு பணம் புரளும் சர்க்கரைத் தண்ணீர்!

ஷர்மிளா, யாழ்ப்பாணம்: அக்கா, ஐஞ்சு பூத் தேநீரிலை அலரிப்பூவும் போடுறவையாமே, அது நஞ்செல்லோ?

நல்லவேளை கேட்டீர்கள். வழக்கமாகச் சேர்க்கும் ஐந்து: சாமந்தி, ஹனிசக்கிள் என்கிற ஜின்யின்ஹுவா, பகோடா மரப் பூ, இலவம்பூ, ஈழத்தலரி. இலவம் என்றால் சிவப்பாகப் பூக்கும் முள்ளிலவு. அதுதான் குவாங்சோவின் நகர மலர். வசந்தத்தில் மரத்தடியில் பொத்தென்று விழும் பூவை வயதானவர்கள் பொறுக்கி நடைபாதையிலேயே காயப்போடுவார்கள்.

ஈழத்தலரி என்பது உங்கள் ஊர்க் கோயில்களில் வெள்ளையும் மஞ்சளுமாக உதிர்ந்து கிடப்பது. செவ்வலரி, அரளி என்று வேலியோரம் நிற்பது முற்றிலும் வேறு செடி. அதன் பூ, இலை, வேர் எல்லாமே உயிரைக் கொல்லும் நஞ்சு. ஈழத்தலரியிலும் கிளையை ஒடித்தால் வடியும் பால் ஆகாது. இங்கே தேநீருக்கென்று உலர்த்திப் பதப்படுத்திய பூவைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெயர்க் குழப்பத்தில் ஒரு தவறு நடந்தால் திருத்த முடியாது. அதனால் முற்றத்துப் பூ எதையும் போடாதீர்கள். நாலு பூவோடு போட்டாலும் தேநீர் தேநீர்தான்.

வித்யா, திண்டுக்கல்: எங்க ஊர்ல சாமந்தி கிலோ கணக்கா கெடைக்குது. காயவெச்சு டீ போடலாமாக்கா?

வேண்டாம். தேநீர்ச் சாமந்தியும் மாலைச் சாமந்தியும் நெருங்கிய உறவுதான். ஆனால் மாலைக்கு விளைவிப்பதில் பூச்சிமருந்து அடிக்கும்போது இதை ஒருவர் குடிக்கப் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. ருசியும் வராது. சீனாவில் இதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த ரகங்கள் இருக்கின்றன. ஜேஜியாங் மாகாணத்தின் தோங்ஷியாங் பகுதியில் விளையும் ஹாங்சோ வெள்ளைச் சாமந்தி, ஆன்ஹூய் மாகாணத்து ஹுவாங்ஷான் மலைப் பக்கத்து கோங்ஜூ இரண்டும் பேர்போனவை. முதலாவது தட்டையாக, தேன் வாசத்தோடு இருக்கும். இரண்டாவது சிறிய வெள்ளைப் பந்து மாதிரி.

இணையத்தில் வாங்கினால் பார்க்க வேண்டியது நிறம். பால் வெள்ளையாக, காகிதம் போலப் பளிச்சென்று இருந்தால் கந்தகப் புகை போட்டிருக்க வாய்ப்பு அதிகம். நல்ல பூ லேசாகப் பழுப்பேறி இருக்கும். பையைத் திறந்ததும் புளித்த நெடி, தீப்பெட்டி நெடி மூக்கில் ஏறினால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். கோஜியும் அப்படித்தான், எல்லாப் பழமும் ஒரே மாதிரி ரத்தச் சிவப்பாக மின்னினால் சந்தேகப்படுங்கள்.

போடுவது சுலபம். 300 மி.லி. கொதிநீருக்கு ஐந்தாறு பூ, ஐந்து நிமிடம். வடிகட்ட வேண்டாம், பூ அடியிலேயே கிடக்கட்டும். குடித்துவிட்டு இன்னும் இரண்டு முறை வெந்நீர் ஊற்றலாம். தூசிக்குத் தும்முகிறவர்கள், பூந்தாது ஒவ்வாமை உள்ளவர்கள் சாமந்திக் குடும்பத்தையே தவிர்ப்பது நல்லது.

ராமநாதன், காரைக்குடி: எனக்குச் சர்க்கரை. சிவப்புப் பேரீச்சை, கோஜி எல்லாம் நல்லதென்று மகன் அனுப்பியிருக்கிறான்.

ஐயா, முதலில் அது பேரீச்சை இல்லை. நம் இலந்தையின் சீன உறவு. காய்ந்தபின் பாதிக்கு மேல் சர்க்கரைதான். ருசிக்கு ஒரு பழம் கீறிப் போடலாம், ஆறு பழம் போட்டுக் கொதிக்கவிட்டால் அது பாயசம். கோஜி பத்துப் பழம் போதும். அதைப் பற்றி ஒரு வேடிக்கை. 2017இல் சீனாவின் பழைய ராக் குழு ஒன்றின் டிரம்மர் ஜாவ் மிங்யீ கையில் பிளாஸ்க்கோடு இருக்கும் படம் பரவியது. ஒருகாலத்தில் மேடையை அதிரவைத்த ஆள் பிளாஸ்க் தூக்க வந்துவிட்டாரே என்று நாடே சிரித்தது. அன்றிலிருந்து "பிளாஸ்க்கில் கோஜி" என்றால் வயசாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் கோஜியைத் தொடவே கூடாது. மருந்தின் வேகத்தை அது கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விட்டதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று வறுத்த பார்லித் தேநீர். உமி நீக்கி வெள்ளையாகத் தீட்டியதை விட முழு பார்லி நல்லது. கடுங்காப்பி நிறம் வரும்வரை சிறுதீயில் வறுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். கருகிய வாசத்தில் காப்பிப் பிரியர்களும் மயங்குவார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு பார்லியும் ஆகாது. அவர்கள் சிச்சுவான் மாகாணத்து லியாங்ஷான் மலைகளில் யீ இன மக்கள் விளைவிக்கும் கசப்பு பக்வீட்டை வறுத்துப் போடும் தேநீரைத் தேடலாம். பெயரில்தான் வீட், கோதுமைக்கு அது சொந்தமே இல்லை.

இன்னொன்று குவாங்ஷியில் விளையும் லுவோஹான் பழம். ஓடு போலக் காய்ந்த உருண்டை. கால்பங்கு உடைத்துப் போட்டால் ஒரு லிட்டரும் தித்திக்கும். அந்தத் தித்திப்பு சர்க்கரையால் வருவது இல்லை, மோக்ரோசைடு என்ற பொருளால் வருவது. வெல்லம் கலந்த மருந்து வாசம் ஒன்று அடிக்கும், சிலருக்கு அது பிடிப்பதில்லை.

ஜெயந்தி, கோவை: பிரஷர் மாத்திரை போடறேன். எதையாச்சும் ஒதுக்கணுமா?

அதிமதுரம். சீனக் கலவைகளில் பாதிக்கு மேல் அது இனிப்புக்காக இருக்கும். தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பாக்கெட்டில் அதிமதுரம் இருந்தால் தினசரி வேண்டாம்.

தீபா, பெங்களூரு: இருபத்தெட்டு நாள்ல எடை குறைக்கும் சீன டீ ஒண்ணு நல்லா வேலை செய்யுதுன்னு தோழி சொல்றா.

வேலை செய்வது கழிப்பறையில்தான். இந்தப் பெட்டிகள் பலவற்றில் முக்கியச் சரக்கு நிலாவாகை இலை. சீனாவுக்கு அது வெளிநாட்டுச் சரக்கு, சர்வதேசச் சந்தையில் அதன் ஒரு ரகத்துக்குப் பெயரே திருநெல்வேலியை வைத்துத்தான்! நம் ஊர் பேதி இலைக்கு சீனப் பெட்டி போட்டு நமக்கே விற்கிறார்கள். தினமும் குடித்தால் குறைவது நீரும் உப்பும். பிறகு அது இல்லாமல் குடல் நகராத நிலைக்கும் போகலாம். சில பெட்டிகளில் வறுத்த தகரை விதை இருக்கும். அது கொஞ்சம் சாது, ஆனாலும் வயிற்றை இளக்கும். தோழியிடம் சொல்லுங்கள்.

பரமேஸ்வரி, கிள்ளான்: இங்க கடைங்கள்ல விக்கிற பூசணித் தண்ணிய வீட்டுலயே செய்ய முடியுமா?

தாராளமாக. தைவானின் தைனான் நகரம் இதற்குப் பேர்போனது. நம் ஊரில் திருஷ்டி சுற்றி நடுரோட்டில் உடைக்கும் அதே வெள்ளைப்பூசணிதான்.

ஒரு கிலோ பூசணியைத் தோல், குடல், விதையோடு கழுவி நறுக்குங்கள். தோலைச் சீவிவிட்டால் வாசம் பாதி போய்விடும். கால் கிலோ நாட்டுச் சர்க்கரை தூவிப் பிசிறி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அதுவே நீர் விட்டுக்கொள்ளும், தண்ணீர் ஊற்றாதீர்கள். அடிகனத்த பாத்திரத்தில் சிறுதீயில் ஒன்றரை மணி நேரம். துண்டுகள் கண்ணாடி போலாகி, சாறு கரும்பழுப்பாக வந்ததும் பிழியாமல் வடிகட்டுங்கள், பிழிந்தால் கலங்கிவிடும். இது பாகு. நாலைந்து பங்கு குளிர்ந்த நீர் சேர்த்துக் குடிக்கலாம். சர்க்கரையை இதற்குமேல் குறைத்தால் பாகு சீக்கிரம் கெடும், நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். ராமநாதன் ஐயா இந்தப் பதிலைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

இம்ரான், வாணியம்பாடி: தூக்கத்துக்கு?

லோங்கானும் இலந்தையும் போட்டுக் குடிப்பது இங்கே பழக்கம். சாயங்காலக் காப்பியை விட்டுவிட்டு இதைக் குடிப்பதால்தான் பாதித் தூக்கம் வருகிறது என்பது என் எண்ணம். படுக்கும் நேரத்தில் பெரிய டம்ளர் வேண்டாம், நடுராத்திரி எழ வேண்டியிருக்கும்.

நித்யா, சிங்கப்பூர்: மாமியார் வீட்டுல சைனீஸ். பிறந்த குழந்தைக்கு மூலிகைத் தண்ணி குடுக்கணுங்கிறாங்க.

கொடுக்காதீர்கள். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் ஜி6பிடி குறைபாடு தென்சீனாவில் நிறையப் பேருக்கு உண்டு. அந்தக் குழந்தைகளுக்குச் சில மூலிகைகள் ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை முற்றவைக்கும். சிங்கப்பூர் 1978இல் பெர்பெரின் என்ற வேதிப்பொருள் உள்ள மூலிகைச் சரக்குகளைத் தடைசெய்ததே இதை வைத்துத்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீரே வேண்டாம். நீங்கள் சொன்னால் சண்டை வரும் என்றால் குழந்தை மருத்துவர் வாயால் சொல்ல வையுங்கள். சீன மாமியார்களும் டாக்டர் சொன்னால் கேட்பார்கள்.

செந்தில், திருப்பூர்: அக்டோபர்ல கேன்டன் ஃபேருக்கு வர்றேங்க்கா. அம்மாவுக்கு என்ன வாங்கலாம்?

தம்பி, கண்காட்சி வளாகத்துப் பரிசுப் பெட்டிகளை விட்டுவிடுங்கள், அட்டைக்குத்தான் காசு. மெட்ரோவில் கல்ச்சுரல் பார்க் நிலையத்தில் இறங்கினால் சிங்பிங் மூலிகைச் சந்தை நடக்கும் தூரம். அரைக்கிலோ சாமந்தி, ஒரு டஜன் லுவோஹான் பழம் வாங்குங்கள். பழத்தைக் காதருகே வைத்து ஆட்டுங்கள், உள்ளே கடகடவென்று ஆடினால் வேண்டாம். ஷின்ஹுய் ஊர்ப் பழைய ஆரஞ்சுத்தோல் என்று காட்டினால் விலையைக் கேட்டு மயங்காதீர்கள். மூன்று ஆண்டாவது கிடந்ததைத்தான் அந்தப் பெயரில் விற்க வேண்டும், வயது ஏற ஏற விலையும் ஏறும். பழசு என்று காட்டச் சாயம் ஏற்றிய தோலும் சந்தையில் உண்டு. ஒரு துண்டை வெந்நீரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போட்டவுடன் தண்ணீர் கறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.