நாள்பட்ட காணாக்கடி: சாப்பாட்டை நிறுத்துவதால் தீருமா?

கேள்வி: நான்கு மாதங்களாக மாலையானால் கை, தொடை, வயிறு எங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிக்கிறது. காலையில் சுவடே இருப்பதில்லை. மாத்திரை போட்டால் அடங்கி, விட்டால் திரும்புகிறது. ரத்தப் பரிசோதனையில் பால், முட்டை, கோதுமை உட்படப் பதினொரு பொருள்கள் ஆகாது என்று வந்ததால் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். எடை குறைந்ததுதான் மிச்சம். இன்னும் எதை நிறுத்த வேண்டும்?

பதில்: எதையும் நிறுத்த வேண்டாம். இதுவரை தொல்லையில்லாமல் சாப்பிட்டுவந்தவற்றை மறுபடியும் சாப்பிடத் தொடங்குங்கள்.

உணவு ஒவ்வாமை மாதக்கணக்கில் கண்ணாமூச்சி ஆடாது. சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அடுத்த முறை அதே உணவைச் சாப்பிட்டாலும் வரும். உங்களுக்கு இருப்பது ஆறு வாரங்களைத் தாண்டிய நாள்பட்ட காணாக்கடி. தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டும்போது தடிப்பு எழுகிறது. அந்தச் செல்களைச் சீண்டிவிடுவது பெரும்பாலும் நம் உடலின் எதிர்ப்பாற்றலேதான். தட்டில் இருக்கும் உணவு அல்ல.

பிறகு அந்தப் பதினொரு பொருள்கள்? ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புரதத்தை அளக்கும் பரிசோதனை என்றால் அதைக் கிழித்துப் போடலாம். ஓர் உணவை நீங்கள் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும். ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தை அளப்பது என்றாலும், சாப்பிட்டுத் தொல்லை வந்த அனுபவம் இல்லாதபோது எண் மட்டும் கூடியிருப்பது ஒவ்வாமை ஆகாது. ஆனாலும் 'முழு அலர்ஜி பேக்கேஜ்' என்று வீடு தேடி வந்து ரத்தம் எடுக்கிறார்கள். சிவப்பு எழுத்தில் அச்சான தாள் கைக்கு வருகிறது. அதை விளக்கிச் சொல்ல ஆளில்லை. நோயாளிக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்க முடியாத மருத்துவ அமைப்பில் அந்தத் தாளே மருத்துவராகிவிடுகிறது.

மாத்திரைக்கு வருவோம். அரிக்கும்போது மட்டும் போடுவதுதான் உங்கள் சிக்கல். ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்ரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனாடின் போன்றவற்றில் ஒன்றைத் தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுக்க வேண்டும். போதவில்லையென்றால் வழக்கமான அளவைப்போல் நான்கு மடங்கு வரை மருத்துவர் உயர்த்தலாம், நீங்களாக உயர்த்தாதீர்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஐஜிஇயைத் தடுக்கும் ஓமலிசுமாப் ஊசி இருக்கிறது. இடையில் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்த்துப் பாருங்கள். பலருக்கு அவை தடிப்பைக் கிளப்பிவிடும்.

'ஒரே ஊசியில் நிற்கும்', 'ரத்தத்தைச் சுத்தம் செய்யும்' என்பவர்களிடம் கவனமாக இருங்கள். அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. பெயர் எழுதாத பொடிப் பொட்டலங்களிலும் அது கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அப்போதைக்கு அடங்கும், விட்டதும் திரும்பும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம் என்று வரிசையாக வரும்.

ஒன்றை மட்டும் நீங்களே சோதித்துப் பாருங்கள். புதிதாக எழும்பிய ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, நேரத்தைக் குறித்துவையுங்கள். சாதாரணக் காணாக்கடியில் 24 மணி நேரத்துக்குள் கோட்டுக்குள் தோல் பழையபடி ஆகிவிடும். வேறிடத்தில் புதிதாக எழும்பலாம், அது கணக்கில்லை. அதே இடத்தில், அதே தடிப்பு ஒரு நாளைத் தாண்டி நின்றாலோ, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகுந்தாலோ, அடங்கிய பின் கன்றிப்போன தழும்பு தெரிந்தாலோ, அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அப்போது தோலில் சிறு துண்டெடுத்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன மாத்திரைக் கணக்கு அதற்குப் பொருந்தாது. தடிப்பு இருக்கும்போதே கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். நீங்கள் மருத்துவரிடம் போகும் நேரத்தில் அது மறைந்திருக்கும்.

தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் அடைப்பு, நாக்கு வீக்கம், மயக்கம் வந்தால் மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அதற்கு முதல் மருந்து. உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.