கணினிக் கேள்வி பதில்: பில்லில் ஒன்று, டிஸ்கில் ஒன்று

கேள்வி: தறிக்கூடத்துக் கணக்குப் போடும் லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. புதிதாக 1 டிபி வாங்கிப் போட்டேன். பில்லில் 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற வேகம்). லேப்டாப் கம்பெனியின் தளத்தில் இதே மாடலுக்கு 5400 என்று இருக்கிறது. விண்டோஸ் 931 ஜிபிதான் காட்டுகிறது. டிஸ்க் லேபிளில் வேகமே அச்சாகவில்லை. கடையில் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்கிறார்கள். எதைத்தானுங்க நம்புவது?
- சோமனூர் வாசகர்

பதில்: 931 விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரி. 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை மூன்று முறை 1024-ஆல் வகுத்து 931 என்று காட்டிவிட்டு, பக்கத்தில் ஜிபி என்றே போடுகிறது. 500 ஜிபி டிஸ்க் 465 ஆவதும் இதே கணக்குதான். உங்களுக்கு ஒன்றும் குறையவில்லை.

வேகம் அப்படியல்ல, 5400-ம் 7200-ம் ஒன்றாகாது. லேப்டாப் கம்பெனியின் பக்கத்தை விட்டுவிடுங்கள். அது போய்விட்ட பழைய டிஸ்கைப் பற்றியது. பில் என்பது கடையில் யாரோ தட்டியது. மாடல் எண் ஒன்றுதான் சாட்சி. அதற்காக லேப்டாப்பைக் கழற்ற வேண்டாம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸைத் திறந்தால் தெரியும். (டிஸ்கை வெளியே யூஎஸ்பி கேஸில் (யூஎஸ்பி வழியாக இணைக்கும் பெட்டியில்) மாட்டிப் பார்த்தால் சில நேரம் கேஸின் பெயர்தான் வரும்.)

எஸ்டி1000எல்எம்035 (ST1000LM035) என்று இருந்தால் அது சீகேட் கம்பெனியின் 5400. எஸ்டி1000எல்எம்049 என்றால் 7200. கடைசி இரண்டு இலக்கத்தில்தான் வித்தியாசம், பில்லில் தவறுவது எளிது. எச்ஜிஎஸ்டி கம்பெனி டிஸ்கில் எண்ணே பேசும்: எச்டிஎஸ்721010ஏ9இ630 (HTS721010A9E630) என்பதில் 72 என்றால் 7200, அடுத்த 10 அந்த வரிசையின் உச்சக் கொள்ளளவு, அதற்கடுத்த 10 இந்த டிஸ்கின் கொள்ளளவு, 9 என்றால் 9.5 மி.மீ. தடிமன்.

பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். சுழற்சி வேகத்தை டிஸ்கிடமே கேட்டுச் சொல்லும். அதிலேயே ஓடிய மணிநேரமும் இருக்கும். 'புதுசு' என்று வாங்கிய டிஸ்க் ஆயிரக்கணக்கில் காட்டினால், பில்லோடு அந்தத் திரையையும் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சாட்டா/300 | சாட்டா/600 என்று வந்தால் பயப்படாதீர்கள். சாட்டா என்பது டிஸ்கை லேப்டாப்போடு இணைக்கும் வழி. முதலாவது இப்போதைய இணைப்பு, இரண்டாவது டிஸ்கால் முடிந்தது. பழைய லேப்டாப்பின் போர்ட் அவ்வளவுதான். லேப்டாப்பில் சுழலும் டிஸ்க் நொடிக்கு 300 எம்பியைத் தொடுவதே இல்லை என்பதால் நஷ்டமும் இல்லை.

கேஷ் (டிஸ்கிலுள்ள தற்காலிக நினைவகம்) அளவையும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். பழைய 1 டிபி டிஸ்க் பலவற்றில் 8 எம்பிதான். மேலே சொன்ன 035-இல் 128 எம்பி. ஆனால் அதில் தடங்கள் (தகவல் எழுதப்படும் வட்டங்கள்) ஓட்டுவீட்டு ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தைத் திருத்த அடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டும். பெரிய கேஷ் அந்தத் தாமதத்தை மறைக்கத்தான். பெரிய கோப்புகளைத் தொடர்ந்து காப்பி செய்தால் நடுவில் வேகம் படுத்துவிடும்.

தறி ஓடும் அறையிலேயே லேப்டாப் இருந்தால் 7200-க்காகச் சண்டை போடுவதே வீண். அதிர்வில் டிஸ்கின் ஹெட் (படிக்கும், எழுதும் முனை) தடம் தவறும். அந்த இடத்துக்காக இன்னொரு சுற்று காத்திருந்து படிக்கும். பஞ்சு ஃபேனை அடைத்தால் சூடும் சேரும். கடையில் மாற்றித் தருவதாகச் சொன்னால், அதே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) கேளுங்கள். 500 ஜிபி என்றாலும் பரவாயில்லை, சுழலும் பாகமே கிடையாது.

கேள்வி: 9.5 மி.மீ. டிஸ்க் இருந்த இடத்தில் 7 மி.மீ. டிஸ்க் போடலாமா? தளத்தில் 'பொருந்தும்' என்கிறது, மாட்டினால் ஆடுகிறது.
- கோபி வாசகர்

பதில்: போடலாம். பழைய டிஸ்கின் உலோகச் சட்டத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டினீர்களா? பக்கவாட்டுத் துளைகள் இரண்டுக்கும் ஒத்துப்போகும். பழைய எம்3 திருகுகளையே போடுங்கள், நீளமானவை உள்ளே இடிக்கும். சட்டம் இல்லாத மாடல் என்றால் 2.5 மி.மீ. பிளாஸ்டிக் ஸ்பேசர் ஒட்டுங்கள். 'மூடாதே' என்று எழுதியிருக்கும் சிறு காற்றுத் துளையை மட்டும் மறைத்துவிடாதீர்கள். 7 மி.மீ. இடத்தில் 9.5-ஐத் திணிப்பது முடியாத காரியம். மூடியை அழுத்தினால் உள்ளே சுழலும் தட்டும் ஹெட்டும் கெடும்.