பொம்மை முன்னால வாயடைச்சுப் போகுமோன்னு பயப்படுற சிஸ்டருக்கு

சிஸ்டர், குமுளியில பிரசவ வார்டு பார்த்துட்டு இங்கிலாந்து போறீங்க, அங்க பொம்மையை வச்சு நடத்துற அவசரப் பயிற்சியில திணறிடுவேனோன்னு கேட்டிருந்தீங்க. பயப்படாதீங்க. கைவேலை உங்களுக்குத் தெரியும், அங்க கூடுதலாப் பார்க்கிறது வாய்ப்பேச்சை.

குழந்தையோட தலை வெளிவந்த பிறகு தோள் உள்ள சிக்கினா உடனே 'ஷோல்டர் டிஸ்டோசியா'ன்னு சத்தமா அறிவிச்சு ஆளைக் கூப்பிடுங்க. தலை வெளிவந்த நேரத்தைச் சொல்லி எழுத வைங்க. முக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டு, ரெண்டு தொடையையும் வயிற்றோட மடக்கி வைக்கிற மெக்ராபர்ட்ஸ் முறை, அப்புறம் அடிவயிற்றுக்குக் கீழ இருக்கிற பியூபிக் எலும்புக்கு மேல அழுத்தம். நம்ம பக்கம் சில இடத்துல பழக்கத்துல செய்றாங்களே, மேல்வயிற்றை அமுக்குறது, அதை மட்டும் செஞ்சிடாதீங்க. தோள் இன்னும் இறுகும், கர்ப்பப்பையே கிழியலாம்.

குழந்தை பிறந்த பிறகு யாராவது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற மருந்தை 'ஆக்சிடோசின் 10 யூனிட்'னு போடச் சொன்னா, அதையே திருப்பிச் சொல்லிட்டுப் போடுங்க. கூட இருக்கிற சேச்சியை முன்னால நிக்க வச்சு, இப்பவே இங்கிலீஷ்ல சத்தமாச் சொல்லிப் பழகுங்க.