டைகருக்கு உலோகச் சங்கிலி மாட்டும் முன்: ரிமோட் டாங்கி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 1/16 அளவு டைகர் (இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் டாங்கி) மாடலைப் பற்றியவை. ஹெங் லாங் என்ற சீன நிறுவனத்தின் டைகர் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது, மாற்றுப் பாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. அதனால் பலருக்கும் முதல் டாங்கி அதுதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஹெங் லாங் டைகர் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. உள்ளே வெளியே எல்லாமே பிளாஸ்டிக். இப்போதைக்கு உலோக டிராக் (சங்கிலி) மட்டும் மாட்டிக்கொண்டு, கியர்பாக்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? (மதுரை)

வேண்டாம். முதலில் கியர்பாக்ஸ், அதன் பிறகுதான் டிராக்.

உலோக டிராக் மாட்டியதும் வண்டி அழகாகிவிடும், உண்மைதான். தரையில் உருளும்போது வரும் அந்தச் சலசலப்புக்காகவே பலர் மாட்டுகிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து வண்டியின் எடை நன்றாகவே கூடும். நேராக ஓடும்போது அது பெரிதாகத் தெரியாது. திரும்பும்போதுதான் சிக்கல். டாங்கி காரைப் போலச் சக்கரத்தை வளைத்துத் திரும்புவதில்லை. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஓட, டிராக் முழுவதும் தரையில் பக்கவாட்டில் இழுபட்டுத்தான் வண்டி திரும்புகிறது. நின்ற இடத்திலேயே சுழலும்போது கியரின் மேல் விழும் பாரம்தான் மிக அதிகம். கார்ப்பெட், புல்தரை என்றால் இன்னும் மோசம். பிளாஸ்டிக் கியரின் பல் அங்கேதான் உதிரும். உதிரும் முன் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்ட உடனே நிறுத்திவிடுங்கள்.

இதே கதை உண்மையான டைகருக்கும் நடந்தது. 45 டன் வகுப்பு என்று தொடங்கிய வடிவமைப்பு கடைசியில் 57 டன்னில் வந்து நின்றது. கூடிய எடையின் பாரத்தை இன்ஜினும் டிரான்ஸ்மிஷனும்தான் சுமந்தன. எடையை ஏற்றும் முன் அதைச் சுமக்கும் பாகத்தைப் பலப்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே முதல் செலவு ஸ்டீல் கியர் கொண்ட கியர்பாக்ஸ் ஜோடி. வலம் இடம் இரண்டும் ஒரே கடையில், ஒரே வகையில் வாங்குங்கள். கியர் விகிதம் மாறினால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்த கியரில் பெரும்பாலும் கிரீஸ் போதாது, அல்லது ஒரே இடத்தில் அப்பியிருக்கும். துடைத்துவிட்டு லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். பொருத்தும் முன் கையால் சுற்றிப் பார்த்து, எங்காவது முட்டுகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்தது டிராக், அதை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், மறுமுனையில் அதைத் திருப்பிவிடும் சக்கரமான ஐட்லர். இந்த மூன்றையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் ஸ்ப்ராக்கெட்டின் பல்லும் உலோக டிராக்கின் இடைவெளியும் சரியாகப் பொருந்தாது. கொஞ்ச தூரம் ஓடும், ஒரு திருப்பத்தில் ஏறிக் கழன்றுவிடும். புது உலோக டிராக் விறைப்பாக இருக்கும். கையில் எடுத்து ஒவ்வொரு கண்ணியையும் மடக்கி நீட்டி, வண்டியில் மாட்டி மெதுவாகக் கொஞ்ச நேரம் நேராக ஓட்டினால் இளகிவிடும்.

இழுவிசையைப் பற்றி ஒரு வார்த்தை. டைகரில் டிராக்கைத் தாங்கும் மேல் உருளைகள் கிடையாது. மேல்பக்க டிராக் ரோட் வீல்களின் (வண்டியைத் தாங்கும் சக்கரங்களின்) மேலேயே படிந்து ஓடும். முன் ஸ்ப்ராக்கெட்டைத் தாண்டியதும் அது தொய்ந்து இரண்டாவது, மூன்றாவது சக்கரத்தின் மேல் உட்கார வேண்டும். வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டினால் பார்க்கவும் தவறு, பேரிங்குக்கும் கெடுதல்.

கடைசியாக, அடிப்பகுதி பிளாஸ்டிக்காகவே இருந்தால் கியர்பாக்ஸைப் பிடிக்கும் திருகுத் துளைகள் நாளடைவில் தளரும். துளையை ஊடுருவிச் சிறிய போல்ட்டும் நட்டும் போட்டுவிடுங்கள். பணம் இருந்தால் உலோக அடிப்பகுதிக்குப் போகலாம். அவசரமில்லை.

கூட வந்த 7.2 வோல்ட் பேட்டரி இருபது நிமிடம்கூட நிற்பதில்லை. லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போடலாமா? 3 செல் 11.1 வோல்ட் போட்டால் சக்தி கூடும் என்கிறார் நண்பர். (கோவை)

2 செல் லிப்போ போடலாம். 3 செல் வேண்டாம். உங்கள் போர்டின் (டாங்கியை இயக்கும் மின்சுற்றுப் பலகையின்) கையேட்டில் 11.1 வோல்ட் தாங்கும் என்று தெளிவாக அச்சிட்டிருந்தால் ஒழிய, அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். 2 செல் லிப்போ 7.4 வோல்ட். முழுதாக ஏற்றினால் 8.4. 3 செல் முழுதாக ஏற்றினால் 12.6. மோட்டார் சூடாகும், போர்டில் உள்ள டிரான்சிஸ்டர்கள் புகைந்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது வோல்ட் அல்ல, கொள்ளளவு. 2000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரிக்குப் பதில் 4000 போட்டால் ஓட்டும் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும். வாங்கும் முன் பேட்டரி அறையின் நீள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கடினமான உறை உள்ள பெரிய பேட்டரிகள் பல டாங்கிகளில் நுழையாது.

லிப்போவில் பயப்பட வேண்டியது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. பழைய போர்டுகளுக்கு இதைப் பார்த்து நிறுத்தத் தெரியாது. அதனால் பேட்டரியின் பேலன்ஸ் முனையில் (ஒவ்வொரு செல்லையும் தனியாக அளக்க உதவும் சின்ன பிளக்) செருகும் சின்ன அலாரம் ஒன்றை மாட்டுங்கள். மலிவான பொருள், ஆனால் என் பெட்டியில் இது இல்லாமல் நான் வண்டியை வெளியே எடுப்பதில்லை. இரண்டாவது, சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. பேலன்ஸ் சார்ஜர்தான் வேண்டும். பீங்கான் தட்டிலோ தீப்பிடிக்காத பையிலோ வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியை இன்னொரு முறை ஏற்றவே கூடாது.

வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டரையும் மாற்றிவிடுங்கள். உலோக டிராக் வண்டி சுழலும்போது அது தொட முடியாத அளவு சூடாகிறது. எக்ஸ்.டி. 60 கனெக்டரும் கொஞ்சம் சிலிக்கான் வயரும் சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும். சோல்டர் செய்த பிறகு, செருகும் முன், மல்டிமீட்டரில் பாசிட்டிவ் நெகட்டிவ் பாருங்கள். முனை மாறினால் போர்டு ஒரு நொடியில் போய்விடும்.

அண்ணா, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். என் டாங்கி ரொம்ப மெதுவாகப் போகிறது. ஆர்.சி. கார் மாதிரி வேகமாக ஓட என்ன மோட்டார் போட வேண்டும்? (திருநெல்வேலி)

தம்பி, முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உண்மையான டைகர் நல்ல சாலையில் அதிகபட்சம் மணிக்கு 45 கிலோமீட்டர் ஓடும். அதாவது நொடிக்கு 12.5 மீட்டர். உன் டாங்கி பதினாறில் ஒரு பங்கு. 12.5-ஐ 16-ஆல் வகுத்தால் நொடிக்கு 78 சென்டிமீட்டர். மேடுபள்ளத்தில் நிஜ வண்டியின் வேகம் இதில் பாதிகூட இருக்காது. இப்போது ஸ்கேலையும் ஸ்டாப்வாட்சையும் எடுத்துக்கொண்டு உன் வண்டியை மொட்டைமாடியில் 5 மீட்டர் ஓட்டிப் பார். ஆறேழு நொடியில் கடந்தால் அது டைகரின் முழு வேகம். அதற்கு மேல் ஓடினால் பார்ப்பதற்குப் பொம்மை போல ஆகிவிடும்.

57 டன் எடையுள்ள ஒன்று நகர்வது போலத் தெரிய வேண்டும். அதற்கு நான் செய்வது நேர்மாறு: விகிதம் அதிகமான, மெதுவான கியர்பாக்ஸ் போடுவேன். வேகம் குறையும், இழுவை கூடும். மெத்தை, செங்கல், புத்தக அடுக்கு என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு முறை அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

புகை வருவது நின்றுவிட்டது. மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது. (ஈரோடு)

புகை எண்ணெய் தீர்ந்த பிறகும் ஓட்டியிருப்பீர்கள். உள்ளே ஒரு சூடேற்றும் கம்பியும் அதைச் சுற்றி ஒரு திரியும் இருக்கின்றன. திரி காய்ந்தால் கருகும். மல்டிமீட்டரில் கம்பியின் ஓம் பாருங்கள். எதுவும் காட்டவில்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது, புது யூனிட்தான் வாங்க வேண்டும். ஓம் காட்டினால் திரியை மாற்றினால் போதும். எண்ணெயை வழிய வழிய ஊற்றினாலும் புகை வராது. சில சொட்டுகள் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நன்றாகவே வேலை செய்கிறது. தேங்காய் எண்ணெய், பேபி எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய் இல்லாதபோது ரிமோட்டில் புகையை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

புது கியர்பாக்ஸ் போட்ட பிறகு வண்டி இடது பக்கமாகவே போகிறது. போர்டு பழுதா? (யாழ்ப்பாணம்)

போர்டைச் சந்தேகிக்கும் முன் ஒரு சோதனை. வண்டியை ஒரு பெட்டியின் மேல் வைத்து டிராக் இரண்டும் அந்தரத்தில் தொங்கும்படி செய்யுங்கள். முழு வேகத்தில் ஓட்டினால் எந்தப் பக்கம் மெதுவாகச் சுற்றுகிறது என்று தெரியும். இடப்பக்கம்தான் மெதுவாக இருக்கும். இப்போது போர்டில் இரண்டு மோட்டார் பிளக்குகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். அப்போதும் இடப்பக்கமே மெதுவாக இருந்தால் குறை மோட்டாரிலோ கியரிலோ டிராக்கிலோ இருக்கிறது. மெதுவான பக்கம் வலத்துக்கு மாறினால் போர்டு.

பத்தில் ஒன்பது முறை டிராக் அதிகமாக இழுபட்டிருப்பதுதான் காரணம். அடுத்தது, சக்கர அச்சில் முடி சுற்றியிருப்பது. டைகரின் சக்கரங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருப்பதால் உள்வரிசையைப் பார்க்க வெளிவரிசையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். 1943 குளிர்காலத்தில் ரஷ்யாவில் இந்தச் சக்கரங்களுக்கிடையே சேறு இரவோடு இரவாக உறைந்துபோக, டைகர் ஓட்டியவர்கள் பட்ட பாடும் இதுவே. எல்லாம் சரியாக இருந்தும் கொஞ்சம் இழுத்தால் ரிமோட்டில் உள்ள டிரிம்மைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

டைகருக்கு சிம்மெரிட் பூச்சு செய்ய ஆசை. எந்த நிறம் அடிப்பது? (சிங்கப்பூர்)

முதலில் உங்கள் வண்டி எந்தக் காலத்தது என்று பாருங்கள். டைகர் 1942 ஆகஸ்ட் முதல் 1944 ஆகஸ்ட் வரை 1,347 தயாரானது. இந்த இரண்டு ஆண்டுகளில் நிறைய மாறிவிட்டது. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்கப் பூசிய சிம்மெரிட், 1943 கோடை முடிவில்தான் தொழிற்சாலையில் தொடங்கியது. டரட்டின் (பீரங்கியோடு சுழலும் மேல்கூட்டின்) மேல் உள்ள தளபதியின் கூண்டு உயரமான டிரம் வடிவில் இருந்து, பின்பக்கம் பெரிய காற்று வடிகட்டிகளும் இருந்தால் அது தொடக்கக் கால வண்டி. அதில் சிம்மெரிட் பூசுவது தவறு. இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ள டைகர் 131 அந்த வகை. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்டது. அதன் மேல் பூச்சு இல்லை. கூண்டு தாழ்வாக, வார்ப்பில் செய்ததாக இருந்தால் தாராளமாகப் பூசலாம். வெளி ரப்பர் இல்லாத ஸ்டீல் சக்கரம் என்றால் 1944 வண்டி, அதற்குப் பூச்சு அவசியம்.

இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்ஸி புட்டியை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தடவி, இறுகும் முன் தட்டையான முனையால் கோடு கோடாக அழுத்துங்கள். ஒரு நாளில் ஒரு பக்கம் மட்டும். அவசரப்பட்டால் கோடுகள் சாயும்.

1943 பிப்ரவரிக்குப் பிறகு அடிநிறம் அடர் மஞ்சள், ஆர்.ஏ.எல். என்ற ஜெர்மன் நிற அட்டவணையில் 7028. அதன் மேல் ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் படையினரே களத்தில் தெளித்தவை. அதனால் ஓரங்கள் மங்கலாக, ஒழுங்கில்லாமல் இருப்பதுதான் சரி.

ரஷ்ய டாங்கியான டி-90-இன் மாடலை, அதன் இந்திய ராணுவ வடிவமான பீஷ்மாவாக மாற்ற முடியுமா? அப்பா ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருக்குப் பரிசளிக்க வேண்டும். (சென்னை)

கட்டாயம் செய்யுங்கள், இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆவடியில் தயாரான முதல் டி-90 வெளிவந்தது 2009-இல். உங்கள் அப்பா அந்த வண்டிகளைக் கையால் தொட்டவராக இருக்கலாம்.

முதலில் பீரங்கியின் இரு பக்கமும் உள்ள சிவப்புக் கண்கள் போன்ற ஷ்டோரா விளக்குகளைக் கழற்றுங்கள். இந்திய வண்டிகளில் அவை கிடையாது. அந்த இடைவெளியைப் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டிய வெடிகவசக் கட்டிகளால் மூட வேண்டும். டரட்டின் முன்பக்கம் எல்லோர் கண்ணும் போகும் இடம், அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். குடியரசு தின அணிவகுப்புப் படங்களில் எல்லாப் பக்கமும் தெளிவாகத் தெரியும். மணல் நிறத்தின் மேல் பச்சைப் பட்டைகள் அடியுங்கள். டி-90-இன் சக்கரங்கள் டைகரைப் போலப் பின்னியிருக்காது, ஆகவே உள்வேலை எளிது. மதுரை வாசகருக்குச் சொன்ன கியர்பாக்ஸ் வரிசை இதற்கும் பொருந்தும்.

பெயிண்ட் அடிக்கும் முன் அப்பாவிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். எந்தக் கருவிப்பெட்டி எந்தப் பக்கம் இருக்கும், எந்த மூடி எப்படித் திறக்கும் என்பதைப் படங்களைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

பிளாஸ்டிக் குண்டு சுடும் வசதியை எடுத்துவிட்டு அகச்சிவப்புச் சண்டை முறை போடலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். (திருச்சி)

உடனே செய்யுங்கள். 6 மில்லிமீட்டர் குண்டு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம். பல டாங்கிகள் இப்போது இரண்டு வசதியோடும் வருகின்றன. சுடும் யூனிட்டைக் கழற்றினால் டரட்டில் இடமும் கிடைக்கும், அந்த இடத்தில் பீரங்கி பின்வாங்கும் அசைவைப் பொருத்தலாம். அகச்சிவப்புக் கதிர் வாங்கும் 'ஆப்பிள்' டரட்டின் மேல் செருகப்படும். தமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் முறையோடு ஒத்துப்போகும் வகையாகப் பார்த்து வாங்கினால் வேறு நிறுவன டாங்கிகளோடும் மோதலாம். நேர் வெயிலில் கதிர் எட்டும் தூரம் குறைந்துவிடும். சண்டையை மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.