சாஃப்வெத்-பெக் பஷாகிச்: கேள்வி பதில்

கேள்வி: போஸ்னிய முஸ்லிம்களின் மறுமலர்ச்சி என்றவுடன் பஷாகிச்சின் பெயரைச் சொல்கிறார்களே, யார் இவர்?

பதில்: உதுமானிய ஆட்சி தளர்ந்துகொண்டிருந்த 1870ஆம் ஆண்டில் போஸ்னியாவை ஒட்டிய ஹெர்செகோவினாவின் நெவெசின்யே ஊரில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். அவரது எட்டாம் வயதில் போஸ்னியா ஆஸ்திரிய-ஹங்கேரியின் கைக்குப் போனது. அரபு, துருக்கி, பாரசீகம் ஆகிய கீழைமொழிகளைத் தமக்கே உரியவையாகக் கருதிய குடும்பத்தின் பிள்ளை, அவற்றை முறைப்படி ஆராயப் புதிய ஆட்சியாளர்களின் தலைநகரான வியன்னாவுக்குச் செல்ல நேர்ந்தது அந்த மாற்றத்தின் விளைவே.

கேள்வி: அவருடைய கவிதைகள் இன்றும் படிக்கத்தக்கவையா?

பதில்: பல கவிதைகள் காலத்தோடு மங்கிவிட்டன என்பதே என் மதிப்பீடு. ஆயினும் 1896இல் வெளியான முதல் தொகுப்பின் வழியாக, ஐரோப்பிய யாப்பில் தாய்மொழியில் எழுதும் வழியைத் தம் சமூகத்துக்குத் திறந்துவிட்டவர்களுள் அவர் முக்கியமானவர். 1900இல் எத்ஹெம் முலப்திச், ஒஸ்மான் நூரி ஹஜிச் ஆகியோருடன் சேர்ந்து தொடங்கிய 'பெஹார்' இதழும், மாணவர்களின் கல்விக்கு உதவ 1903இல் உருவான 'கைரெத்' சங்கமும் அவர் கவிதைகளைவிட ஆழமான தடம் பதித்தவை.

கேள்வி: அரசியலில் என்ன சாதித்தார்?

பதில்: 1910இல் கூடிய போஸ்னிய சட்டமன்றத்தின் தலைவர் அலி-பெக் ஃபிர்துஸ் அதே ஆண்டில் மறைந்ததும், அப்பதவி இவரிடம் வந்தது. மன்றத்தின் அதிகாரமோ குறுகியது. வியன்னாவிலிருந்த ஆஸ்திரிய அரசும் புடாபெஸ்டிலிருந்த ஹங்கேரிய அரசும் இசையாமல் எந்தச் சட்டமும் நிறைவேறாது. 1914இல் போர் மூண்டதும் அதுவும் முடங்கியது.

கேள்வி: அப்படியானால் அவரது நிலைத்த பங்களிப்பு எது?

பதில்: ஆய்வும் சுவடிச் சேகரிப்பும்தான். உதுமானியப் பேரரசில் அரபு, துருக்கி, பாரசீக மொழிகளில் எழுதிய போஸ்னியர்களை ஒருவர் விடாமல் தேடி, 1910இல் வியன்னாவில் முனைவர் பட்ட ஆய்வேடாக அளித்து, 1912இல் நூலாக்கினார். தம் மக்களுக்கு எழுத்து மரபே இல்லை என்ற எண்ணத்துக்கு அதைவிட உறுதியான மறுப்பு அன்று வேறில்லை. அந்த உழைப்பின் ஊடே சேர்ந்த சுவடிகளை 1924இல், இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகராக இருக்கும் பிராட்டிஸ்லாவாவின் பல்கலைக்கழக நூலகம் வாங்கியது. 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் அவை இடம்பெற்றன.

கேள்வி: நாட்டின் செல்வத்தை வெளிநாட்டுக்கு விற்றது தவறில்லையா?

பதில்: விற்பனையைக் குறைகூற இடமுண்டு. ஆனால் போஸ்னியப் போரில் தலைநகர் சரயேவோ முற்றுகையிடப்பட்டிருந்த 1992இல், மே மாதம் அந்நகரின் கீழைத்தேயவியல் நிறுவனம் ஆயிரக்கணக்கான சுவடிகளோடு எரிந்தது. ஆகஸ்டில் தேசிய நூலகமும் எரிந்தது. பஷாகிச் சேர்த்தவற்றை மட்டும் ஆய்வாளர்கள் இன்றும் பிராட்டிஸ்லாவாவில் படிக்கிறார்கள்.