ஏஐ சான்றிதழுக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: மகள் பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாடத்தில் ஏஐ பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு பயிற்சி மையத்தார் கல்லூரிக்கே வந்து, ‘ஆறு மாத ஏஐ மேலாண்மைச் சான்றிதழ், வேலைக்கு உத்தரவாதம்’ என்று பேசிவிட்டுப் போனார்கள். முன்பணம் கட்டிவிட்டோம். மீதியைத் தவணையில் கட்டலாமாம். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்தத் தவணைத் தாளை எடுத்துப் படியுங்கள். அவர்கள் தவணை என்று சொல்வது பெரும்பாலும் கடன்தான். முழுத்தொகையும் ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து மையத்துக்குப் போய்விடும். நீங்கள் மாதாமாதம் கட்டுவது அந்த நிறுவனத்துக்கு. மகள் பாதியில் நின்றாலும், மையமே பூட்டிக்கொண்டு போனாலும் வசூல்காரர் உங்கள் வாசலுக்குத்தான் வருவார். ‘உத்தரவாதம்’ என்பதற்குக் கீழே பொடி எழுத்தையும் பாருங்கள். வருகைப்பதிவு இத்தனை சதவீதம், எந்த ஊரில் எந்தச் சம்பளத்துக்குக் கிடைத்தாலும் ஏற்க வேண்டும் என்று வரிசையாக இருக்கும். ஒன்று தவறினாலும் உத்தரவாதம் காற்றில் போச்சு.

கல்லூரிக்குள் விட்டார்களே, நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். சேர்கிற தலைக்கு இவ்வளவு என்று கைமாறுவதும் நடக்கிறது. பாடத்திட்டத்தைத் திருத்துங்கள் என்றால் மட்டும் கோப்பு ஒவ்வொரு குழுவாகத் தூங்கித் தூங்கி எழுந்து வரும். சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். நான் பாடம் எடுக்குமிடத்தில் அதற்கு முதலில் வந்தது தடைச் சுற்றறிக்கைதான். அதன் நடையைப் பார்த்தால், அதையும் சாட்ஜிபிடிதான் எழுதிக் கொடுத்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

சரி, மகள் என்னதான் கற்க வேண்டும்? இயந்திரத்தின் கணக்கில் தவறு எங்கே என்று பிடிக்கக் கற்க வேண்டும். என் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுப்பேன். இரண்டு மாத விற்பனைப் பட்டியல்: முதல் மாதம் 400 வரிகள், அடுத்த மாதம் 460. வரிக்கு ஒரு பொருள், எல்லாம் ஒரே விலை. ஏஐயிடம் கொடுத்தால், ‘விற்பனை 15 சதவீதம் உயர்ந்துள்ளது’ என்று அழகான அறிக்கை வரும், வரைபடத்தோடு. ஆனால் அந்த 460-இல் 90 வரிகளின் ஓரத்தில் ‘திரும்பியது’ என்றிருக்கும். அவை விற்பனையே அல்ல, வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த சரக்கு. விற்றது 370, அதிலிருந்து 90-ஐக் கழித்தால் 280. 400 எங்கே, 280 எங்கே! 30 சதவீதச் சரிவு. ஏஐக்குக் கூட்டத் தெரிந்தது; திரும்பி வந்த சரக்கைக் கழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கணக்கியலை ஒழுங்காகப் படித்த பிள்ளை அந்த ஓரத்தைப் பார்த்ததுமே நின்றுவிடும்.

ஆகவே பழசு என்று ஒதுக்குகிற கணக்கியல், புள்ளியியல், எக்செல் மூன்றையும் கெட்டியாகப் பிடிக்கச் சொல்லுங்கள். தரவுத்தளத்திலிருந்து வேண்டிய தகவலை எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் கொஞ்சம் சேர்ந்தால் நல்லது; இலவசமாகவே கற்கலாம். ‘ப்ராம்ப்ட்’, அதாவது ஏஐக்கு இடும் கட்டளை, எழுதும் வித்தைக்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள், அது பழக்கத்தில் வந்துவிடும்.

வணிகச் சட்டத்தையும் தள்ள வேண்டாம். ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட், கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவல் சொன்னது. அதன் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்கிற ரீதியில் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024-இல் கனடாவின் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. இயந்திரம் சொன்னதற்கு நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும் என்றால், அதைச் சரிபார்க்கத் தெரிந்த ஆளுக்கு வேலை இருக்கிறது.

சான்றிதழே கூடாதா என்றால், ஒன்றுக்கு மட்டும் விலக்கு. மென்பொருளை உருவாக்கிய நிறுவனமே நடத்தும் தேர்வு. உதாரணம், மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ (தரவை வரைபடமாகவும் அறிக்கையாகவும் காட்டும் மென்பொருள்) தரவு ஆய்வாளர் சான்றிதழ். அதிலும் மகள் குறிவைக்கும் வேலைக்கான விளம்பரங்களில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால்தான். பாடம் அவர்களுடைய தளத்திலேயே இலவசம். தேர்வுக்கு நேராகப் பதியலாம், நடுவில் ஆள் வேண்டியதில்லை. ‘எங்கள் வழியாகப் பதிந்தால்தான் செல்லும்’ என்று எவராவது சொன்னால் பொய். இரண்டாம் ஆண்டிலேயே எழுதவும் வேண்டாம். அந்தச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும், பிறகு இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கக் கட்டணமில்லை, ஆனால் மறந்தால் காலாவதி. கடைசிப் பருவத்தில் எழுதினால் போதும்.

அதுவரை பருவத்துக்கு ஒரு வேலை செய்து வைக்கட்டும்: ஏஐயிடம் என்ன கேட்டாள், அது என்ன தந்தது, எங்கே தவறியது, எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இரண்டு பக்கம். நேர்காணலில் அந்தத் தாளை மேசைமேல் வைக்கட்டும்.

முன்பணம் கட்டியிருக்கிறீர்கள், சரி. கடன் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். போட்டாகிவிட்டதென்றால், ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று இன்றைக்கே பார்த்து, மையத்துக்கும் நிதி நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுத்தில் அனுப்புங்கள். மையத்தார் தொலைபேசியில் ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.